நகரத்தின் இரவைக் கூட்டுகிறவர்கள்

தி.நகர் ரங்கநாதன் தெருவில் இரவு பதினொரு மணிக்கு நின்றிருக்கிறீர்களா தோழர்களே? பகலில் அங்கே நடக்க இடமிருக்காது. ஷட்டர்கள் இறங்கிய பிறகுதான் தெருவின் தரை கண்ணில் படும். பிளாஸ்டிக் உறை, கரும்புச் சக்கை, சோளத் தண்டு, மாங்காய்த் தோல், அட்டைப்பெட்டி எல்லாம் கணுக்கால் அளவுக்குக் கிடக்கும். சட்டைக்கு மேல் மினுங்கும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிய பெண்கள் துடைப்பத்தோடு அப்போதுதான் வந்து இறங்குவார்கள்.

அவர்களில் ஒரு அக்காவிடம் ஒருமுறை, "ராத்திரியில் அவசரம் என்றால் எங்கே போவீங்க?" என்று கேட்டேன். "அதுக்குத்தான் தம்பி சாயந்தரம் ஆறு மணிக்கு மேல தண்ணியே குடிக்கிறதில்ல" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

சென்னையின் 'நைட் லைஃப்' பற்றி இப்போது அடிக்கடி விவாதம் நடக்கிறது. ஒரு பக்கம், கடைகளும் உணவகங்களும் விடிய விடியத் திறந்திருந்தால்தான் முதலீடு வரும், நகரம் வளரும் என்கிறார்கள். இன்னொரு பக்கம், பெண்கள் பப்புக்குப் போகிறார்கள், பண்பாடு கெட்டுவிட்டது என்கிறார்கள். இரண்டு தரப்பும் பேசுவது வாடிக்கையாளரைப் பற்றித்தான். அந்த இரவுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களும், அந்த இரவைக் கூட்டிப் பெருக்குகிறவர்களும் கணக்கில் வருவதே இல்லை. இந்தக் கட்டுரை அவர்களின் வரலாற்றைப் பற்றியது.

முதல் நைட் ஷிஃப்ட்

மனிதக் கழிவுக்கு ஆங்கிலேயர்கள் வைத்திருந்த அலுவல் பெயர் 'நைட் சாயில்', அதாவது இரவு மண். கழிவு அள்ளும் வேலை ஊர் தூங்கும் நேரத்தில், கண்ணுக்குத் தெரியாமல் நடக்க வேண்டும் என்பதால் வந்த பெயர் அது. கௌரவமானவர்கள் விழித்திருக்கும் நேரத்தில் அந்த வேலையும் தெரியக்கூடாது, செய்பவரும் தெரியக்கூடாது. நகரசபை ஆவணங்களில் இந்தச் சொல் பல பத்தாண்டுகள் புழங்கியது.

மெட்ராஸ் மாநகராட்சியில் இந்த வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். தெலுங்கு பேசும் அருந்ததியர், ஆதி ஆந்திரர், தமிழ் பேசும் ஆதிதிராவிடர். கிராமத்தில் சாதி விதித்த வேலை நகரத்தில் மாநகராட்சி வேலையாக மாறியது. சம்பளமும் பதிவேடும் வந்தன, சாதி மட்டும் போகவில்லை. ஆலைகளுக்கும் ஐ.டி. நிறுவனங்களுக்கும் நெடுங்காலம் முன்பே இந்த நகரத்தில் நைட் ஷிஃப்ட் இருந்தது. அந்த ஷிஃப்டில் இருந்தவர்கள் நம் பாட்டன்களும் பாட்டிகளும்.

2000ஆம் ஆண்டில் தென் சென்னையையும் மத்திய சென்னையையும் சேர்ந்த மூன்று மண்டலங்களின் குப்பை வேலை 'ஓனிக்ஸ்' என்ற பன்னாட்டு நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது. இந்தியப் பெருநகரங்களில் குப்பை அள்ளுவது பெரிய அளவில் தனியார்மயமானதில் இதுதான் முன்னோடி. 2007இல் வேறொரு நிறுவனம் வந்தது. 2020இல் தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு உள்ளிட்ட மண்டலங்கள் இன்னொரு நிறுவனத்திடம் போயின. நிறுவனத்தின் பெயர் மாறியது, வண்டியின் நிறம் மாறியது, துடைப்பம் பிடித்த கை மாறவில்லை. நிரந்தர வேலையும் ஓய்வூதியமும்தான் கைவிட்டுப் போயின.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் அமர்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி ஆகஸ்ட் 13 நள்ளிரவில் அவர்களை வலுக்கட்டாயமாக அகற்றிப் பேருந்துகளில் ஏற்றினார்கள். இரவில் வேலை செய்யும்போது கண்ணில் படாதவர்கள், உரிமை கேட்டு உட்கார்ந்தபோது அதே இரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். இதையும் சென்னையின் இரவு வரலாற்றில் எழுதி வையுங்கள்.

பாதுகாப்புச் சட்டம் யாரைப் பாதுகாத்தது?

பெண்கள் இரவில் வேலை செய்வதைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே வந்துவிட்டது. 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதற்கென்றே ஓர் ஒப்பந்தம் போட்டது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆவது பிரிவு, பெண்களைக் காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரை மட்டுமே வேலை வாங்கலாம் என்றது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இது பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்று சொல்லி ரத்து செய்தது. இரவில் பெண்களை வேலைக்கு வைத்தால் போக்குவரத்து, ஓய்வறை, பாதுகாப்பு எல்லாம் முதலாளியின் பொறுப்பு என்று நிபந்தனைகளும் விதித்தது.

நல்ல தீர்ப்புதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1891 முதல் 2000 வரை, நூறாண்டுக்கும் மேலாக, 'பெண்கள் இரவில் வேலை செய்யக்கூடாது' என்று சட்டம் சொல்லிக்கொண்டிருந்த காலம் முழுவதும் தலித் பெண்கள் தெருக்களில் இரவிலும் விடியலுக்கு முன்னும் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். தெரு, தொழிற்சாலை ஆகாது. அதனால் தடையும் அவர்களுக்கு இல்லை, பாதுகாப்பும் இல்லை. மூன்று மணிக்கு எழுந்து மீன் ஏலத்துக்குக் கூடையோடு போகும் நொச்சிக்குப்பத்துப் பெண்ணும், அபார்ட்மெண்டில் பத்து மணி வரை பாத்திரம் தேய்க்கும் பெண்ணும் 'இரவுப் பணியாளர்' என்ற சொல்லுக்குள் வந்ததே இல்லை. பெண் என்று சட்டம் சொன்னபோது அது யாரை மனதில் வைத்தது என்பதை இங்கேதான் கேட்க வேண்டும்.

2019இல் தமிழக அரசு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று அரசாணை போட்டது. பிறகு அது நீட்டிக்கவும் பட்டது. இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்க எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும், நாளுக்கு எட்டு மணி நேர வேலை, போக்குவரத்து ஏற்பாடு என்று அதில் நிபந்தனைகள் உண்டு. காகிதத்தில் இருக்கிறது. மாதச் சம்பளத்தை நம்பி ஊரிலிருந்து வந்து கடைக்காரர் கொடுத்த விடுதியில் தங்கியிருக்கும் பத்தொன்பது வயதுப் பெண், சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

உட்காரும் உரிமைகூட நமக்குப் போராடித்தான் கிடைத்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் கழிப்பறைக்காகவும் நாற்காலிக்காகவும் பல ஆண்டுகள் போராடினார்கள். 2018இல் கேரளா சட்டத்தைத் திருத்தியது, 2021இல் தமிழ்நாடும் திருத்தியது. நின்றே வேலை செய்தால் காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும், இடுப்பு போகும், சிறுநீரை அடக்கினால் தொற்று வரும். 'அங்காடித் தெரு' படத்தை 2010இல் பார்த்து அழுத நகரம், அந்தக் கடைகளில் ஊழியருக்கு நாற்காலி இருக்கிறதா என்று இன்றும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இரவு வேலை உடம்பை என்ன செய்யும் என்று மருத்துவம் தெளிவாகவே சொல்கிறது. உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதன் இயக்கத்தை மரபணு அளவில் கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. இரவு ஷிஃப்ட் வேலை புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற வகைப்பாட்டை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் அறிவித்து, 2019இல் மீண்டும் உறுதி செய்தது. பகலில் தூங்கிச் சரிசெய்யலாம் என்பீர்கள். பத்துக்குப் பத்து அறையில், தகரக் கூரைக்குக் கீழே, தண்ணீர் லாரி வரும் நேரத்தில், பிள்ளைகளுக்குச் சோறு ஆக்க வேண்டிய பெண்ணுக்குப் பகல் தூக்கம் ஏது?

சாராயக் கணக்கு

இரவைப் பற்றிப் பேசிவிட்டு மதுவைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. இங்கே நம் ஆட்கள் பலரும் 'மதுவிலக்கு வேண்டும்' என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை.

ராயப்பேட்டையில் 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் மக்களுக்குப் பஞ்சசீலத்தைக் கொடுத்தது. அதில் ஐந்தாவது, மயக்கம் தரும் பொருளை விலக்குவது. யாரும் மேலிருந்து போட்ட தடையாக அது இல்லை. தன்மானத்தோடு நிமிர நினைத்த ஒரு சமூகம் தானே ஏற்றுக்கொண்ட ஒழுக்கமாக இருந்தது.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. வேறு மாவட்டங்களுக்கும் அது விரிந்தபோது, இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1948 அக்டோபர் 2 முதல் மெட்ராஸ் நகரத்திலும் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. ஆனால் யாருக்கு? வசதியானவர்களுக்கு 'பர்மிட்' இருந்தது. அடையாற்றங்கரையிலும் மவுண்ட் ரோட்டுப் பக்கமும் இருந்த கிளப்புகள் மூடப்படவில்லை. 1832இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப், சுதந்திரம் வந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் இந்தியர்களையே உள்ளே விட்டது. குப்பத்திலும் சேரியிலும் பர்மிட் கிடையாது. அங்கே கள்ளச்சாராயம் இருந்தது, வார்னிஷ் இருந்தது, இரவில் கதவை உதைக்கும் போலீஸ் ரெய்டு இருந்தது.

இப்போது பலருக்கு வியப்பாக இருக்கும் ஒரு செய்தி. 1951இல் அண்ணல் அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு வெளியிட்ட தேர்தல் அறிக்கை, மதுவிலக்கைக் கைவிட்டு அந்த வருவாயைக் காப்பாற்ற வேண்டும் என்றது. குடியை அண்ணல் ஆதரித்தார் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. கல்விக்கும் வளர்ச்சிக்கும் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை அவர் நேராகக் கேட்டார். தார்மீக முழக்கத்தின் செலவை ஏழைகள் தலையில் கட்டக்கூடாது என்பது அந்த நிலைப்பாட்டிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

அடுத்த கட்டம் தெரிந்ததுதான். 1971இல் கலைஞர் அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது, சில ஆண்டுகளில் மீண்டும் கொண்டுவந்தது. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு மறுபடி திறந்தது, 1983இல் டாஸ்மாக் உருவானது. 2003இல் ஜெயலலிதா அரசு சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கிடமே கொடுத்தது. 2024-25இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 48,000 கோடி ரூபாய்க்கு மேல். அண்ணல் கேட்ட கேள்வியின் இரண்டாம் பாதியை இப்போது நாம் கேட்க வேண்டும்: அந்தப் பணத்தில் குடிநோய் மீட்பு சிகிச்சைக்கு எவ்வளவு? சேரிப் பள்ளிக்கு எவ்வளவு?

கடையை எங்கே வைக்கலாம் என்பதற்கு 2003ஆம் ஆண்டு விதி இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்வி நிறுவனத்திலிருந்தும் 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கோயிலுக்குத் தூரம் உண்டு, பள்ளிக்கு உண்டு. வீட்டுக்கு? கிடையாது. மயிலாப்பூரின் மாட வீதிகளிலிருந்து கால்வாய்க் கரைக் குடியிருப்புகள் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். எந்தத் தெருவில் கடை இருக்கிறது, எந்தத் தெருவில் இல்லை என்று ஒரு வரைபடம் போடுங்கள். மாணவர்களாகிய உங்களுக்கு இது ஒரு நாள் வேலை. அந்த வரைபடம் நூறு கட்டுரைக்குச் சமம்.

கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். நட்சத்திர ஓட்டல் பார் அதற்குப் பிறகும் ஓடும். ஆனால் ஓட்டலில் குடித்தவர் காரில் வீட்டுக்குப் போய்விடுவார். அவருடைய சத்தம் அவர் தெருவுக்கு வராது. கடை பாரில் குடித்தவர் மூடும் நேரத்தில் வெளியே வந்து நிற்பது நம் குடியிருப்பு வாசலில்தான். அடுத்த நாள் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளை தூங்க முடியாது. பொதுக் கழிப்பறைக்குப் போக வேண்டிய பெண் போக முடியாது. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபெல்லுக்கு மேல் சத்தம் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அந்தக் கருவியோடு எந்த அதிகாரியும் குப்பத்துக்குள் வந்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குள் நடப்பதையும் மறைக்க வேண்டாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். கணவர் அடிக்கடி குடித்துப் போதையில் வரும் வீடுகளில், இந்திய அளவில், பத்தில் ஏழு பெண்கள் அடிபட்டிருக்கிறார்கள். குடிக்காத கணவர்களின் வீடுகளிலும் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் அடிபட்டிருக்கிறார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். குடி அடியைக் கூட்டுகிறது. அடிக்கும் அதிகாரத்தை ஆணுக்குக் கொடுத்தது குடி மட்டும் கிடையாது. நம் இயக்கங்களுக்குள்ளும் இதைப் பேசியாக வேண்டும்.

அதேசமயம், 'சேரிக்காரன் குடிகாரன்' என்ற பேச்சை அனுமதிக்காதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தில் 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள், கூலித் தொழிலாளர்கள். அப்போது சமூக ஊடகத்தில் 'குடித்துச் செத்தவனுக்கு எதற்கு நிவாரணம்' என்று எழுதியவர்களில் எத்தனை பேர் வார இறுதியில் குடிக்காதவர்கள்?

இரவில் பிடிபடும் பெண்கள்

இரவில் தெருவில் நிற்கும் பெண்ணைச் சட்டம் எப்படிப் பார்த்தது என்பது தனி வரலாறு. 1868ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி, பாலியல் தொழில் செய்கிற பெண்களைப் பதிவு செய்து, கட்டாயமாக உடல் சோதனை நடத்தி, நோய் இருந்தால் 'லாக் ஹாஸ்பிடல்' என்ற பூட்டிய மருத்துவமனையில் அடைத்தார்கள். வந்துபோன ஆண்களுக்குச் சோதனை இல்லை. 1888இல் அந்தச் சட்டம் போனது. 1930இல் மெட்ராஸ் மாகாணம் விபச்சாரத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. 'மீட்பு' என்ற பெயரில் பெண்களைப் பூட்டும் இல்லங்கள் வந்தன.

1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். ரத்தம் கொடுத்தவர்கள் காவல் இல்லத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்கள். அந்த ரத்தம்தான் ஒரு நாட்டையே எச்சரித்தது. பெண்களுக்கு என்ன கிடைத்தது? 1990இல் மும்பையிலிருந்து ரயிலேற்றி 'மீட்டு' வரப்பட்ட தமிழ்ப் பெண்களில் தொற்று இருந்தவர்களை வெளியே விடாமல் அடைத்து வைத்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் விடுதலை கிடைத்தது. நோயைக் கண்டுபிடிக்க உதவியவர்களே குற்றவாளிகளாக நடத்தப்பட்டார்கள்.

1982இல் வந்த குண்டர் சட்டத்தின் முழுப்பெயரைப் படியுங்கள். கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி, குண்டர், விபச்சாரக் குற்றவாளி, குடிசைப் பகுதி நில அபகரிப்பாளர். மதுக்கடையை அரசு திறந்த மறு ஆண்டு வந்த சட்டம் இது. இரவைப் பற்றிய அரசின் பயப்பட்டியல் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

திருநங்கையருக்கு இரவு இன்னும் கொடியது. 2016 நவம்பரில் ஓர் அதிகாலை, பாண்டி பஜார் காவல் நிலையத்தில் ஒரு திருநங்கை தீக்காயங்களோடு கிடந்தார், பிறகு இறந்தார். காவல்துறை தற்கொலை என்றது. திருநங்கையர் அமைப்புகள் அதை ஏற்கவில்லை, நீதி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள்.

இரவு இருக்கிறது, வீடு இல்லை

இப்போது இதையெல்லாம் இணைக்கும் கண்ணிக்கு வருவோம். நகரத்தின் இரவுக்கு நம் உழைப்பு வேண்டும், நம் வீடு வேண்டாம். 2000 முதல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். கூவம் கரை, அடையாற்றங்கரை, பக்கிங்காம் கால்வாய்க் கரை என்று நகரத்தின் நடுவில் வாழ்ந்தவர்களை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது, ஒருவர் தீக்குளித்து உயிரை விட்டார். அந்தக் குடியிருப்பிலிருந்து பெரிய கிளப்பும் நட்சத்திர ஓட்டலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

இடம்பெயர்ந்தவர்களின் வேலை மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும்தான் இருக்கிறது. முன்பு பத்து மணிக்கு வேலை முடிந்தால் பத்தே காலுக்கு வீடு. இப்போது கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம், நல்ல திட்டம், 'விடியல் பயணம்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். ஆனால் பதினொரு மணிக்கு மேல் அந்தப் பஸ் எங்கே? ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்தால் அன்றைய கூலியில் பெரும்பகுதி போய்விடும். பல பெண்கள் வேலையை விட்டார்கள். பலர் நடைபாதையிலேயே படுத்துவிட்டுக் காலையில் போகிறார்கள். இரவு வாழ்க்கை என்று யாராவது சொன்னால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த நடைபாதைதான்.

என்ன கேட்கப் போகிறோம்?

இரவை மூடு என்று நாம் கேட்கக் கூடாது. இரவை மூடினால் முதலில் வீட்டுக்குள் அடைக்கப்படுவது பெண்கள், முதலில் பிடிபடுவது நம் பையன்கள். கலாச்சாரக் காவலர்களோடு நமக்குக் கூட்டு வேண்டாம்.

அண்ணல் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். பெண்ணின் உழைப்பில் லாபம் பார்க்கிறவர் அவளுடைய உடல்நலத்தின் செலவையும் ஏற்க வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். 1946இல் வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்ற திருத்தம் அவர் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது வந்தது. அந்த வாதத்தையே சென்னையின் இரவுக்கும் வைப்போம். இரவில் லாபம் பார்க்கிறவர்கள் இரவின் செலவை ஏற்கட்டும்.

இரவில் பெருக்கும் ஒவ்வொரு தெருவுக்கும் பக்கத்தில் திறந்திருக்கும் ஒரு கழிப்பறை, உட்கார ஓர் அறை. பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் இரவு முழுக்க அரசுப் பேருந்து. துப்புரவுப் பெண்களுக்கு ஆண்டுதோறும் முழு உடல் பரிசோதனை. மதுக்கடை இட விதியில் கோயில், பள்ளியோடு குடியிருப்பையும் சேர்ப்பது. டாஸ்மாக் வருவாயில் ஒரு நிலையான பங்கு குடிநோய் சிகிச்சைக்கும் அடிபட்ட பெண்களுக்கான இல்லங்களுக்கும். பாலியல் தொழிலாளர்களைக் கண்ணியத்தோடு நடத்த வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் காவல்துறைக்குச் சொன்னதை நம் ஊர்க் காவல் நிலையச் சுவரில் ஒட்டுவது.

இவற்றில் எதுவும் பெரிய புரட்சி இல்லை. ஆனால் இதில் ஒன்றாவது நடந்தால், அந்த அக்கா சாயந்தரம் ஆறு மணிக்கு மேல் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கலாம். அதிலிருந்து தொடங்குவோம்.

ஜெய் பீம்.